வேங்கடத்துக் கல் தோரணம்

திருமலைக்குச் செல்லாத குடும்பம் நம் காலனியில் அரிது. முடியிறக்கி, வேங்கடவனைத் தொழுது, இலட்டுப் பொட்டலத்துடன் மறுநாட் காலையில் பெங்களூர் திரும்பிவிடுகின்றோம். கோயிலுக்கு வடக்கே, ஒரு கல் தொலைவிற்குட்பட்டு, சக்கர தீர்த்தத்தின் அருகே இயற்கை எழுப்பிய கல் தோரணமொன்று நிற்பதைக் கண்டு வந்தோர் நம்மில் எத்துணைப் பேர்?

சென்ற ஆண்டு யாம் சிலர் அலிபிரியிலிருந்து விடியற்காலையிற் புறப்பட்டு, மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி அதனைக் காணச் சென்றோம். பாதி வழியிலேயே முழங்கால் பேசத் தொடங்கிவிட்டது. தோரணம் ஏறத்தாழ 26 அடி அகலமும் 10 அடி உயரமும் உடையது. இரு பாறைத் திரள்களை மெல்லியதோர் கல் வளைவு இணைத்து நிற்கின்றது. உளி பட்ட சுவடு எங்கும் இல்லை. 1980ஆம் ஆண்டுகளில் நிலநூல் அறிஞர்கள் இதன் அருமையை உலகறியச் செய்தனர். இன்று வேலிக்கு அப்பாலிருந்தே காணலாம்.

தோரணத்தின் வயது 150 கோடி ஆண்டு என்பர் பலர். இது திருத்தத்திற்குரியது. அது பாறையின் வயது. பண்டை நீர்ப்பரப்பின் அடியிற் படிந்த மணல் இறுகிக் குவார்ட்சைட் ஆயிற்று. அதனை மழையும் காற்றும் வெயிலும் துளைத்து வளைவாக்கியது அதற்கு மிகப் பிற்பட்ட நிகழ்ச்சி. இத்தகைய வளைவுகள் நிலையானவையும் அல்ல. அமெரிக்க நாட்டின் யூட்டா மாநிலத்துப் பாலையில், 300 அடிக்கு அணித்தான அகலமுடைய கல் வளைவொன்றிலிருந்து 1991இல் பெரும் பாளம் பெயர்ந்து வீழ்ந்தது.

இலால்பாக்கில் கெம்பே கௌடர் கோபுரத்தைத் தாங்கும் பாறையில் நம் குழந்தைகள் சறுக்கி விளையாடுகின்றனர். அது 300 கோடி ஆண்டுத் தொன்மையது. திருமலையின் அடிவாரத்தும் அத்தகைய பழம்பாறையே கிடக்க, அதன்மேல் குவார்ட்சைட் அடுக்குகள் அமர்ந்துள்ளன. இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டுக் கணக்கு பாறையில் எழுதப்படாமலே போயிற்று! மலைச்சாலையின் ஓரத்தில் அவ்விரண்டும் கூடுமிடத்தைக் காணலாம்.

இனி நம் கதைக்கு வருவோம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கடத்தை வடவெல்லையாக வகுத்தது. அகநானூற்றில் மாமூலனார் பாடல்கள் புல்லி என்னும் தலைவனுக்குரிய இம்மலையையும், இதற்கப்பால் வேற்றுமொழி வழங்கும் நாடுகளையும் குறிக்கின்றன. பொருள் தேடப் புறப்பட்டவன் கடந்த வழி அது. மழையற்று மரம் கரிந்த பாலைவழியாகவே புலவர் அதனைப் பாடினர். ஏகினவனைவிட, வீட்டிலிருந்து நாளெண்ணியவளின் குரலே அப்பாடல்களில் மிகுதியும் ஒலிக்கின்றது. 1809இல் கண்டோன்மெண்டு அமைந்த பின்னர் அல்சூருக்கு வந்த நம் முன்னோரும், பின்னாளில் தொழிற்சாலைகளை நாடி வந்த நம் தந்தையரும் வேறு எதற்காக வந்தனர்?

எல்லை பற்றிச் சென்ற நூற்றாண்டும் பூசலிட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, வேங்கடம் வரை தமிழருக்கே வேண்டுமென ம.பொ.சி. போராடினார். 1960 ஏப்ரலில் திருத்தணி நம் பக்கம் வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. ஆயினும் திருமலைக் கோயிலின் கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழிலே உள்ளன. வெள்ளித் திருமேனி அளித்த பல்லவ அரசி சாமவையின் கொடையும் அவற்றுள் ஒன்று.

யாம் வேலியோரத்தில் நின்ற பொழுது, தெலுங்குக் குடும்பமொன்று தம் பாட்டியைத் தோரணத்தின் நேரே நிறுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தது. அருகே ஒரு கன்னட இளைஞர் தம் மகனுக்குப் பாறை அடுக்குகளை விரலால் எண்ணிக் காட்டினார். எம்முடன் வந்த சிறுமியும் அவர்களோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினாள், கன்னடத்தில்.