வாயிலார் ஊமையா? மயிலாப்பூர் மரபில் வாய் என்னும் இடம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில், எட்டாம் நாள் மாட வீதிகளில் வலம்வரும் அறுபத்துமூவருள் வாயிலார் நாயனார் இவ்வூரிலேயே பிறந்தவர். மார்கழி ரேவதி அவரது குருபூசை நாள். பெயரை 'வாய் இல்லாதவர்' என்று பிரித்து, அவரைப் பிறவி ஊமை என்றும் பேசா நோன்பினர் என்றும் சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இதற்குச் சான்றில்லை. வாயைப் பேச்சுறுப்பாக மட்டுமே கண்டதால் நேர்ந்த பிழை இது என்பது என் கருத்து.

சேக்கிழார் இவருக்கு ஒதுக்கியவை சில பாடல்களே. அவற்றிலும் பெரும்பகுதி ஊர்ச் சிறப்பு. கலங்களிலிருந்து யானைக் கன்றுகள் வந்திறங்கும் துறைமுக நகரமாக மயிலையைக் காட்டுகிறார். பிறகு அடியாரின் வழிபாடு வருகிறது. மறவாமையால் மனத்துள் கோயில் எழுப்பி, உணர்வை விளக்காக ஏற்றி, ஆனந்தத்தால் திருமஞ்சனம் ஆட்டி, அன்பை அமுதாகப் படைத்தார் என்கிறார். கோயிலும் விளக்கும் நீராட்டும் நிவேதனமும் அகத்துக்கு மாறிவிட்டன. ஆனால் பேச்சு இழந்ததாகவோ துறந்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. அடியாரின் உடற்குறையையோ கடும் நோன்பையோ சேக்கிழார் மறைப்பவரல்லர். தண்டியடிகளின் கண்ணின்மையை வெளிப்படையாகவே பாடியவர் அவர்.

பெயர் வடிவம் எதைச் சொல்கிறது? சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரை 'வாயிலான்' என்கிறார். வடிவத்தை மட்டும் பார்த்தால் 'வாயற்றவன்' என்பதற்கும் இடமுண்டு. 'வாயிலைச் சேர்ந்தவன்' என்பதற்கும் இடமுண்டு. இல்லத்தின் வாய் என்னும் 'இல்வாய்' முன்பின்னாக மாறி 'வாயில்' ஆனதை இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வீட்டுக்கு வாய் என்பது ஆட்கள் புகுந்து புறப்படும் இடம்.

இலக்கண நூல்களும் இந்தப் பக்கமே சாய்கின்றன. தொல்காப்பியப் பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று எழுத்தாவதற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு நிலைகளைக் கூறுகிறது. இவற்றுள் வாய் இல்லை. பல்லும் நாவும் தொழில் செய்கின்றன. வாய் அவை தொழில் செய்யும் களம். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் 'வாய்' என்பதை ஏழாம் வேற்றுமை இடப்பொருள் உருபுகளுள் ஒன்றாகவே வைத்துவிட்டது.

இதற்கு மறுப்பு உண்டு. வாய்மொழி, வாய்ப்பாட்டு, வாயாடி போன்ற சொற்கள் பேச்சையே சுட்டுகின்றன. மயிலையிலேயே அதற்குப் பெரிய சான்று இருக்கிறது. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் எலும்பு வைத்த குடத்தின் முன் சம்பந்தர் பாடிய பதிகம், ஐப்பசி ஓணம் தொடங்கி கார்த்திகை விளக்கீடு, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் எனத் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைக் காணாமலா போவாய் என்று அவளைக் கேட்கிறது. மாண்டவளைப் பாட்டு மீட்டது என்பது மரபு. இதை மறுக்க வேண்டியதில்லை. ஒலி அங்கே வாய்வழி வெளியே செல்கிறது. வாயிலாரிடம் வழிபாடு உள்ளே செல்கிறது. ஒரே ஊர் இரண்டையும் போற்றியிருக்கிறது.

வாய் என்பது வழி என்பதற்கு இன்னொரு சான்று, கோயிலுக்குச் சற்றுத் தெற்கே உள்ள அடையாற்றின் முகத்துவாரம், அதாவது ஆற்றுவாய். கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல், ஆற்றில் நீர்வரத்துக் குறையும் கோடையில் திட்டாகி அதை அடைக்கும். மழைக்கால வெள்ளம் உடைத்துத் திறக்கும். பேச்சோடு தொடர்பே இல்லாத ஆற்றுக்கும் தமிழ் கூச்சமின்றி வாயைத் தருகிறது, நீர் கடலுக்குப் போகவும் அலை உள்ளே வரவும் அது வழி என்பதால்.

ஆகவே வாயிலாரை ஊமையாக்கப் பெயரில் கட்டாயமில்லை, நூற்சான்றும் இல்லை. தலவரலாறும் பாடநூலும் எழுதுவோர் அவரை மனக்கோயில் கட்டியவர் என்று எழுதினால் போதும். சேக்கிழார் சொன்னது அவ்வளவுதான்.