கல்லூரிச் சேர்க்கைக்கான காத்திருப்பு: பெற்றோரின் மனஅழுத்தம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளுக்குப் பின், தரவரிசைப் பட்டியல், கலந்தாய்வு, இட ஒதுக்கீடு என ஒவ்வொன்றுக்கும் காத்திருக்க நேரிடுகிறது. முடிவு தம் கையில் இல்லாத இக்காலத்தில் பெற்றோருக்கு மனஅழுத்தம் ஏற்படுவது இயல்பே.

அறிகுறிகள்
தூக்கமின்மை, தலைவலி, படபடப்பு, பசியின்மை, எரிச்சல். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அவை மேலும் உயரக்கூடும், மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை
• கலந்தாய்வுக்குரிய கடைசி நாட்களைக் குறித்து வையுங்கள். மற்ற நாட்களில் இணையதளத்தைக் குறித்த நேரத்தில் மட்டும் பாருங்கள்.
• கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பிறர் பிள்ளைகளுடன் ஒப்பிடாதீர்கள்.
• விரும்பிய இடம் கிடைக்காவிடில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பிள்ளையுடன் முன்கூட்டியே பேசுங்கள்.

பிள்ளையைக் கவனியுங்கள்
உங்கள் பதற்றம் சொல்லாமலேயே பிள்ளையைச் சென்றடையும். பிள்ளை உணவைத் தவிர்த்தாலோ, தனிமையை நாடினாலோ, கண்டிக்காமல் காது கொடுத்துக் கேளுங்கள். வாழ விருப்பமில்லை என்று கூறினால், தனியே விடாமல் உடனே உதவி பெறுங்கள்.

எங்கு உதவி பெறலாம்?
அறிகுறிகள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகுங்கள். டெலி-மானஸ் 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழில் ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணையும் அழைக்கலாம்.