வழக்குரைத்த பிறகுதான் குளிர்த்தி: ஒரு வீடியோ கேமின் முடிவும் எங்கள் கண்ணீரும்

வீடியோ கேம் ஒன்றை விளையாடி முடித்துவிட்டு ஒருவர் அழுதார் என்றால் மட்டக்களப்பில் பெரும்பாலும் சிரிப்பார்கள். யுத்தத்தைக் கண்ட ஊர், 2004 சுனாமியைக் கண்ட ஊர். அழுவதற்கு இங்கே திரைக்குள் போய்க் காரணம் தேட வேண்டுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

எங்கள் பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் அதிகம் இருப்பவை பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்றவை. சுட்டுச் சுட்டுக் கடைசியாக மிஞ்சியவர் வென்றவர். உடனே அடுத்த ஆட்டம் தொடங்கும். ஆனால் ஒரு நாவலைப் போலத் தொடங்கி, வளர்ந்து, முடிகிற விளையாட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் முடிவு முழு மகிழ்ச்சியும் இல்லை, முழுத் துயரமும் இல்லை. இழந்தது திரும்பி வராது, ஆனாலும் ஏதோ ஒன்று மிஞ்சும். இனிப்பும் கசப்பும் கலந்த இந்த முடிவுகளில்தான் பலர் உடைந்துபோகிறார்கள். அப்படி அழவைத்த விளையாட்டுகளில் ஒன்று தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. அதன் பெயர் ‘வெண்பா’.

அந்த அழுகை எங்கிருந்து வருகிறது? யுத்தத்தைக் கடந்து வந்தவர்களுக்கு அது என்ன சொல்கிறது? இந்த இரண்டு கேள்விகளையும் மட்டக்களப்பிலிருந்து பார்க்க விரும்புகிறேன்.

வெண்பாவின் கதை

கனடாவின் ரொறன்ரோவில் இயங்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம் உருவாக்கிய ‘வெண்பா’, 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாகத் தெரிவானது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டுகளுக்கான சர்வதேச விழாவில் முதன்மைப் பரிசான சியூமஸ் மெக்னலி பரிசையும் பெற்றது.

இதில் துப்பாக்கியும் இல்லை, எதிரியும் இல்லை. சமையல்தான் விளையாட்டு. 1980களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டிலிருந்து ரொறன்ரோவுக்குப் போன வெண்பா, அவருடைய கணவர் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. வெண்பாவிடம் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் ஒன்று இருக்கிறது. அதில் பல இடங்கள் கிழிந்தும் அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்ட படியை ஊகித்துச் சமைத்து முடிப்பதே விளையாடுபவரின் வேலை. ஆவி மேலே ஏறும்படி இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது, புட்டுக் குழலில் எதை முதலில் இடுவது என்று யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு சமையலுக்கும் இடையில் வருடங்கள் ஓடுகின்றன. பெற்றோர் நிலையான வேலைக்கு அல்லாடுகிறார்கள். மகன் தமிழிலிருந்தும் வீட்டுச் சாப்பாட்டிலிருந்தும் விலகிப் போகிறான். அவன் வளர்ந்த பிறகு ஒரு நாள், வீட்டுக்கு வருவான் என்று வெண்பா பல கறிகளோடு ஒரு விருந்து சமைக்கிறார். மகன் வரவில்லை. பின்னர் பாவலன் இறந்துபோகிறார். வெண்பா கனடாவை விட்டு இந்தியாவுக்கே திரும்பிவிடுகிறார். இறுதிப் பகுதியில், வளர்ந்த கவினின் கையில் அந்தப் புத்தகம் இருக்கிறது. தமிழ் சரியாக வாசிக்க வராமல் தடுமாறித் தடுமாறிச் சமைக்கிறான். கடைசியில் அம்மாவைத் தேடிப் போகிறான்.

தந்தை திரும்பி வருவதில்லை. பேசாமல் போன வருடங்களும் திரும்பி வருவதில்லை. தாயும் மகனும் ஓர் அடுப்படியில் சேர்ந்து நிற்கிறார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சுவது.

கை செய்த காரியம்

நான் ‘வெண்பா’வை ஒரே இரவில் விளையாடி முடித்தேன். இரண்டு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. விருந்துக் கட்டம் வந்தபோது அம்மா பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வீடியோ கேம் என்றால் என்னவென்றே தெரியாது. சட்டிகள் எல்லாம் நிறைந்து, மேசையும் நிறைந்து, கதவு திறக்காமலே இருந்தபோது, “அந்தப் புள்ள வரல்லியா?” என்று கேட்டார். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருவதாகச் சொன்ன திகதிக்குக் கோழி வாங்கி, நண்டு வாங்கி, பிறகு “லீவு கிடைக்கல்ல அம்மா” என்ற தொலைபேசி அழைப்போடு எல்லாவற்றையும் அயலுக்குக் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

இதே காட்சியை ஒரு படத்தில் பார்த்திருந்தால் பரிதாபப்பட்டிருப்பேன். இங்கே அந்தக் கறிகளைச் சமைத்தது என் கை. ஒவ்வொன்றாகப் பிழைபிடித்து, திருத்தி, அடுப்பிலிருந்து இறக்கியது நான். உழைப்பு வீணாகிய வலி எனக்கும் வந்தது. திரைப்படமும் நாவலும் பெரும்பாலும் இரக்கத்தைத் தருபவை. விளையாட்டு அதோடு சேர்த்துக் குற்றவுணர்வையும் பொறுப்பையும் தரும், ஏனென்றால் அங்கே காரியத்தைச் செய்தவர் நாம்.

இதற்கு இன்னொரு நல்ல உதாரணம் 2013 இல் சுவீடனில் உருவான ‘பிரதர்ஸ்: எ டேல் ஒஃப் டூ சன்ஸ்’. அதன் இயக்குநர் ஜோசப் ஃபாரெஸ், லெபனானில் பிறந்து, அங்கே உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் சிறுவனாகக் குடும்பத்தோடு சுவீடனுக்குப் போனவர். நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடி அண்ணனும் தம்பியும் புறப்படுகிறார்கள். விளையாடுபவரின் இடது கை அண்ணனை இயக்கும், வலது கை தம்பியை இயக்கும். தாய் நீரில் மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றால் பயம். அண்ணனைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேருவான். பயணத்தில் அண்ணன் இறந்துவிடுகிறான். திரும்பும் வழியில் தண்ணீர் குறுக்கிடுகிறது. தம்பியின் பொத்தானை அழுத்தினால் அவன் இறங்க மாட்டான். அண்ணனுக்குரிய பொத்தானை அழுத்தினால் இறங்கி நீந்துகிறான். அண்ணன் போன பிறகு சும்மா கிடந்த இடது கைக்கு அப்போதுதான் மீண்டும் வேலை வருகிறது. தந்தை பிழைக்கிறார், அண்ணன் இல்லை. விளையாடியவர்கள் பலர் அழுததாகச் சொல்வது அந்த ஒரு பொத்தானை அழுத்திய கணத்தைத்தான்.

தொல்காப்பியம் சொல்லும் நான்கு காரணங்கள்

இந்த அழுகை புதிதாக வந்த ஒன்றல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது இளிவு. உற்றாரை, உள்ளதை இழப்பது இழவு. இருந்த நிலையிலிருந்து தாழ்வது அசைவு. இல்லாமை வறுமை.

‘வெண்பா’வில் இந்த நான்கும் இருக்கின்றன. புதிய நாட்டில் அந்நியராக நடத்தப்படுவது இளிவு. பாவலனின் மரணம் இழவு. ஊரில் இருந்த மதிப்பு இங்கே இல்லாமல் போவது அசைவு. வேலையில்லாத வீட்டின் நெருக்கடி வறுமை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இடம்பெயர்ந்து, முகாமில் வரிசையில் நின்று, திரும்பி வந்து கூரையில்லா வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த நான்கையும் யாரும் விளக்க வேண்டியதில்லை. வெண்பாவின் குடும்பம் யுத்தத்துக்குத் தப்பிப் போன குடும்பம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் கதை எங்களைத் தொடுவதற்குக் காரணம் இந்த நான்கும்தான்.

ஒரு பெரிய வேறுபாட்டையும் சொல்லவேண்டும். வெண்பா திரும்பிப் போக ஊர் இருந்தது. எங்களில் பலருக்கு அது வாய்க்கவில்லை.

கண்ணகை அம்மன் கதை முடிகிற விதம்

கசப்பும் இனிப்பும் கலந்த முடிவுக்கு மட்டக்களப்பில் ஏற்கனவே ஒரு பெயர் இருக்கிறது: குளிர்த்தி. வைகாசி மாதத்தில் செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகை அம்மன் கோயில்களில் ‘கண்ணகி வழக்குரை’ பாடப்படுகிறது. சடங்கு குளிர்த்தியோடு நிறைவுபெறுகிறது. மதுரையை எரித்தும் ஆறாத அம்மனைக் குளிரச் செய்வதுதான் அந்த இறுதிச் சடங்கு.

கோவலன் திரும்பி வரவில்லை. எரிந்த மதுரையும் எரிந்ததுதான். ஆனால் வெப்பம் தணிகிறது, ஊர் மழையையும் நலத்தையும் கேட்டு வீடு போகிறது. எங்கள் முன்னோர் கதையை எரிப்போடு நிறுத்திவிடவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. அந்த நூலின் பெயரே ‘வழக்குரை’. முதலில் வழக்கு உரைக்கப்படுகிறது. சிலம்பு உடைக்கப்படுகிறது. அரசன் தன் தவறை அறிகிறான். அதற்குப் பிறகே குளிர்த்தி. வழக்கு உரைக்கப்படாத இடத்தில் யாரும் கண்ணகியிடம் போய் “ஆறு தாயே” என்று கேட்கவில்லை.

‘வெண்பா’வின் முடிவு வேலை செய்வதும் இந்த வரிசையால்தான். என்ன நடந்தது, யார் யாரை எப்படிக் காயப்படுத்தினார்கள், தந்தை எப்போது போனார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அந்த அடுப்படிக் காட்சி ஆறுதலாகிறது.

கடைசிப் பக்கம் கிழிந்த கதைகள்

2014 இல் போலந்தின் 11 பிட் ஸ்டூடியோஸ் வெளியிட்ட ‘திஸ் வோர் ஒஃப் மைன்’, சரஜேவோ நகர முற்றுகையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு. சிப்பாய்களை விட்டுவிட்டு, இடிந்த வீட்டில் ஒளிந்திருக்கும் பொதுமக்களை நாங்கள் இயக்குகிறோம். உணவு, மருந்து, விறகு தேடி இரவில் அலைகிறோம். இறுதியில் யுத்த நிறுத்தம் வருகிறது. பிறகு அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் என்ன ஆனது என்று ஒரு சிறு குறிப்பு வருகிறது. 2017 இல் வெளியான ‘பெரி மீ, மை லவ்’ விளையாட்டில், சிரியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட மனைவியின் குறுஞ்செய்திக்காகக் காத்திருக்கும் கணவன் நாங்கள். அதற்கு 19 முடிவுகள் உண்டு. சிலவற்றில் அவள் போய்ச் சேர்கிறாள், சிலவற்றில் இல்லை. எந்த முடிவானாலும் விளையாடுபவருக்கு ஒரு முடிவு கிடைக்கிறது.

1990 செப்டெம்பர் 5 அன்று வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சமடைந்திருந்தவர்களில் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களின் குடும்பங்களுக்கு அந்தச் சிறு குறிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகமும் அதைக் கொடுக்கவில்லை.

அமெரிக்கக் குடும்பநல ஆய்வாளர் போலின் பொஸ் இந்த நிலைக்குத் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டார். வியட்நாம் யுத்தத்தில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் செய்த ஆய்விலிருந்து வந்த கருத்து அது. ஆள் இல்லை, ஆனால் இறந்ததாகவும் உறுதியில்லை. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருப்பதை நிறுத்தவும் முடியாது. இது அந்தக் குடும்பங்களின் மனப் பலவீனம் இல்லை, அவர்கள் தள்ளப்பட்ட சூழலின் விளைவு என்கிறார் பொஸ். ‘முடித்துவைத்துவிட்டு நகருங்கள்’ என்று அவர்களை வற்புறுத்துவதையும் அவர் ஏற்பதில்லை.

திரையில் ஒரு முடிவைக் கண்டு நாங்கள் அழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கதையின் சோகத்தோடு, ‘இவர்களுக்காவது தெரிந்துவிட்டதே’ என்ற ஏக்கமும் அந்த அழுகைக்குள் இருக்கிறது.

விளையாட்டு சின்ன விடயம் இல்லை

துயரத்தை விளையாட்டுக்குள் வைத்துப் பார்ப்பது மட்டக்களப்புக்குப் புதிதல்ல. 1996 இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் மற்றவர்களோடு சேர்ந்து இங்கே வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். 1990 இன் படுகொலைகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் அஞ்சி வளர்ந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், நடித்தார்கள். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம் என்று பெரியவர்கள் சொல்லும் ஊரில், அந்தப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டினூடாகத்தான் திரும்பக் கிடைத்தது.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை ஒரு விளையாட்டை முடித்துவிட்டுக் கண் கலங்கி இருந்தால் கேலி செய்யாதீர்கள். “கதையில என்ன நடந்த?” என்று கேளுங்கள். நேரில் கேட்டால் சொல்லாத ஒன்றை, கதாபாத்திரத்தின் பெயரில் சொல்லக்கூடும். வெடிச்சத்தமும் பிணங்களும் வரும் விளையாட்டுகள் யுத்தத்தை நேரில் கண்ட பெரியவர்களுக்குப் பழையதைக் கிளறிவிடலாம். அப்படியானால் நிறுத்திவிடுவதில் வெட்கமில்லை. தூக்கமின்மை, படபடப்பு தொடர்ந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

‘வெண்பா’வின் முடிவு எனக்குப் பிடித்தது. அது பொய்யான மகிழ்ச்சியைத் தரவில்லை. ஆனால் அதைக் காட்டி எங்கள் தாய்மாரிடம், “பாருங்கள், இழப்போடு வாழப் பழகலாம்” என்று யாரும் சொல்லக்கூடாது. புத்தகத்தில் அழிந்த வரிகளை வெண்பா ஊகித்து நிரப்பினார், ஏனென்றால் அது சமையல் குறிப்பு. பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை ஒரு தாய் ஊகித்து நிரப்ப முடியாது. அதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள்தான் சொல்லவேண்டும். ஒவ்வொரு செப்டெம்பரிலும் வந்தாறுமூலையில் விளக்கேற்றுபவர்கள் கேட்பதும் அதைத்தான். முதலில் வழக்குரை, குளிர்த்தி அதற்குப் பிறகு.