உடைந்த டேப்பும் மின்பொறியும்

தொழிற்சொற்களைத் திரட்டுவதற்காகப் புனே நகரின் ஓர் இயந்திரப் பட்டறைக்குச் சென்றிருந்தேன். அங்கே மராத்தி, இந்தி, தமிழ் என எம்மொழி பேசுவோர்க்கும் துளைக்குள் மரை வெட்டும் கருவி ‘டேப்’தான். அது உள்ளேயே முறிந்துவிட்டால் எல்லா மொழியிலும் அமைதி ஒன்றுதான். அந்த அமைதிக்கு ஒரு வரலாறு உண்டு.

போல்ட் முறிந்தால் வழியுண்டு. அதன் நடுவே துளையிட்டு இடஞ்சுழித் திருகைச் செலுத்தலாம். முனையில் ஒரு நட்டைப் பற்றவைத்துத் திருப்பலாம். டேப் அத்தகையதன்று. அது கடினப்படுத்திய எஃகு. அதைத் துளைக்க முயலும் டிரில் வழுக்கிச் சென்று அருகிலுள்ள மென்மையான உலோகத்தைக் குதறிவிடும். பலநாள் உழைப்பில் உருவான வார்ப்பு, கடைசித் துளையில் பாழாகும். பழி தொழிலாளியின் தலையில் விழும்.

கடிகாரம் பழுதுபார்ப்போர் பொறுமையான முறை ஒன்றை அறிந்திருந்தனர். பித்தளைத் தகட்டில் முறிந்த எஃகுத் திருகாணியைப் படிகாரக் கரைசலில் இட்டால், எஃகு மட்டும் மெல்லக் கரையும். ஆனால் போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு அந்தப் பொறுமைக்கு நேரமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஹரால்ட் ஸ்டார்க், விக்டர் ஹார்டிங், ஜாக் பீவர் ஆகிய மூவர் இச்சிக்கலை எதிர்கொண்டனர். அலுமினிய வார்ப்புகளில் முறிந்த டேப்புகளையும் டிரில்களையும் மின்பொறியால் அகற்ற முனைந்தனர். முதற்கருவிகள் வலுவற்றவை. பொறியின் ஆற்றலைக் கூட்டி, நொடிக்கு 60 பொறிகள் தாமாகவே எழுமாறு அமைத்தபின் கருவி பயன்பட்டது. மின்பொறிக்கு உலோகத்தின் கடினம் பொருட்டன்று. அது மின்சாரத்தைக் கடத்தினால் போதும். டேப்பின் நடுத்தண்டை அரித்தெடுத்தால் எஞ்சிய துண்டுகள் உதிர்ந்துவிடும். வெட்டிய மரை பிழைக்கும்.

அதே காலத்தில், இவர்களை அறியாமலே, சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியர் நேர்மாறான பணியில் இருந்தனர். பொறியால் டங்ஸ்டன் மின்முனைகள் அரிக்கப்படுவதைத் தடுக்கும் வழியைக் காணும் பணி 1943இல் அவர்களுக்குத் தரப்பட்டது. அதில் அவர்கள் தோற்றனர். ஆயினும் மின்கடத்தாத் திரவத்தில் முனைகளை மூழ்கவைத்தால் அரிப்பைக் கட்டுப்படுத்தலாம் எனக் கண்டனர். பொறி உலோகத்தை அரிக்கும் என்பதை ஜோசப் பிரீஸ்ட்லி 1770இலேயே கவனித்திருந்தார். ஏறத்தாழ 170 ஆண்டுகள் குறையாகவே இருந்த ஒன்று அப்போதுதான் கருவியாயிற்று.

மொழி பயின்றவர் கண்ணுக்கு இங்கே ஒரு சொல் தனித்துத் தெரிகிறது: அரிப்பு. லசரென்கோ தம்பதியர்க்குப் பகையாக வந்த சொல்லே பின்னர் அம்முறையின் பெயருக்குள் புகுந்தது. இன்று நாம் அதை ‘மின்பொறி அரிப்பு’ என்கிறோம். சொல் மாறவில்லை, அதைப் பார்த்த பார்வை மாறியது.

கண்டறிந்தோர் பெயர்களை வரலாறு காத்துவைத்திருக்கிறது. டேப் முறிந்த கணத்தில் கைபிசைந்து நின்றவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆயினும் கேள்வியை எழுப்பியவை அவர்களுடைய கைகளே.