ஓரொலிச் சொற்களும் இருவேறு வரலாறுகளும்

ஆங்கிலம் பயில்வோரைத் திகைக்க வைப்பவை, ஒலியில் ஒன்றாகவும் எழுத்திலும் பொருளிலும் வேறாகவும் நிற்கும் சொற்கள். 'நைட்' என்றால் இரவு. எழுத்தில் முன்னால் ஒரு 'கே' சேர்ந்தால் குதிரை வீரன். 'மீட்' என்றால் சந்தித்தல். நடுவில் ஓர் எழுத்து மாறினால் இறைச்சி. 'நியாயம் கேட்காதே, மனப்பாடம் செய்' என்பதே பெரும்பாலும் நமக்குக் கிட்டிய பாடம். வரலாற்றைப் புரட்டினால் நியாயம் இருக்கிறது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு.

முதல் வகை, வெவ்வேறாகப் பிறந்து ஒலியில் ஒன்றானவை. பழைய ஆங்கிலத்தில் 'க்னிஹ்ட்' என்றால் சிறுவன், பணியாள். வீரன் என்பது பின்னர் வந்த பொருள். இரவோ 'நிஹ்ட்'. 14ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதியபோதும் அந்தக் ககரம் ஒலித்தது. பின்னர் நடுவிலிருந்த தொண்டையொலி மறைந்தது, ககரமும் உதிர்ந்தது. இரு 'மீட்'களிலும் இன்றைய ஈகாரத்தின் இடத்தில் அன்று இருவேறு ஏகாரங்கள் இருந்தன. டென்மார்க் அறிஞர் யெஸ்பெர்சன் 'உயிரொலிப் பெருமாற்றம்' என்று பெயரிட்ட நெடுங்கால நகர்வில் அவை இடம்பெயர்ந்து, இறுதியில் ஒன்றாயின. இதற்கிடையே 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு, எழுத்தை மெல்ல மெல்ல உறையச் செய்தது, நாவோ நிற்கவில்லை. ஆகவே இங்கே எழுத்து, மறைந்துபோன ஒலிக்குச் சாட்சி.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறு. மலரைக் குறிக்கும் 'ஃப்ளவர்', மாவைக் குறிக்கும் 'ஃப்ளவர்' இரண்டும் பிறப்பில் ஒரே சொல். அரைத்த தானியத்தின் மிக நயமான பகுதியை அதன் மலர் என்றனர், அதுவே மாவாயிற்று. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதிகூட இவற்றை இரு சொற்களாகப் பிரிக்கவில்லை. உலோகத்தைக் குறிக்கும் 'மெட்டல்', மன உரத்தைக் குறிக்கும் 'மெட்டில்' ஆகியவற்றின் கதையும் இதுவே. மனிதன் எந்த உலோகத்தால் ஆனவன் என்னும் உருவகம், காலப்போக்கில் தனி எழுத்துக்கூட்டல் பெற்றுத் தனிச் சொல்லாயிற்று. இங்கே எழுத்து உறவை மறைக்கிறது.

ஒலித்தபடியே எழுதவேண்டும் என்று வாதிட்டவர் பெர்னார்ட் ஷா. 1950இல் அவர் மறைந்தபின், அவரது உயிலின் வழியே புதிய நெடுங்கணக்கு ஒன்று உருவாக்கப்பட்டு, 1962இல் அவருடைய நாடகம் ஒன்று அதில் அச்சாயிற்று. கற்போரின் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் அவ்வாறு எழுதினால் வீரனும் இரவும் தாளிலும் ஒன்றாகிவிடுவர்; அவை தனித்தனியே பிறந்ததற்கான கண்ணெதிர்ச் சான்று போய்விடும்.

எழுத்துக்கூட்டலைக் காக்கவேண்டும் என்போர் எண்ணவேண்டியதும் ஒன்றுண்டு. மாவு என்னும் பொருளில் மலரின் எழுத்துக்கூட்டலை எழுதும் மாணவனின் தாளில் நாம் சிவப்பு மையால் சுழிக்கிறோம். ஜான்சனின் காலத்தில் அது பிழையே அன்று. திருத்துவது நம் கடமைதான்; அத்துடன் அந்த மாவுக்குள் ஒரு மலர் இருந்த கதையையும் சொல்லிவிட்டால், அவன் இனி எளிதில் மறக்கமாட்டான்.