மெத்தோட்ரெக்சேட்டும் மார்பகப் புற்றுநோயும்

மார்பகப் புற்றுநோய் மருத்துவத்தில் நீண்டகாலம் பயன்பட்ட மெத்தோட்ரெக்சேட், டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதியைத் தடுக்கும் மருந்தாகும். இதன் வரலாறு சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவுடன் (1895–1948) தொடர்புடையது.

பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதர் அணிந்து வந்ததால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளான அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் பணிபுரிந்தபின் 1920களில் ஹார்வர்டுக்குச் சென்றார். 1940இல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கு அவரது குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது.

உயிரணு பிரிய வேண்டுமானால் புதிய டி.என்.ஏ. வேண்டும். அதற்கான தைமினை உருவாக்க, ஃபோலேட் அதன் செயல்படும் வடிவில் இருக்க வேண்டும். பயன்பட்ட ஃபோலேட்டை மீண்டும் அவ்வடிவுக்குக் கொண்டுவருவது மேற்சொன்ன நொதியே. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளிக்கும் போலி மூலக்கூறு அந்நொதியில் ஒட்டிக்கொண்டால் பிரிதல் நின்றுவிடும். இத்தகைய மூலக்கூறான அமினோப்டெரினை லெடர்லி குழு அளிக்க, சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேரிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்தது. இது 1948 ஜூனில் வெளியானது. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார். மருந்து தடுப்பது இந்நொதியைத்தான் என்பது 1958இல்தான் தெளிவாயிற்று. மருந்து முதலில் வந்தது, விளக்கம் பத்தாண்டு கழித்து வந்தது.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் மார்பகப் புற்றுக்கும் பயன்படும் என்பதை 1951இல் நியூயார்க் ஹார்லெம் மருத்துவமனையின் ஜேன் ரைட் காட்டினார். 1976இல் மிலான் நகரின் ஜானி பொனடோனா, அறுவைக்குப்பின் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளூரோயுராசில் மூன்றும் பெற்ற 207 பெண்களில் 5.3 விழுக்காட்டினருக்கே நோய் திரும்பியதாக அறிவித்தார். மருந்து பெறாத 179 பேரில் அது 24 விழுக்காடு.

ஆயினும் புற்றணுக்கள் நொதியின் அளவைக் கூட்டித் தப்பித்துக்கொள்ளும். இந்நொதியின் மரபணு பெருகியிருப்பதை 1978இல் ராபர்ட் ஷிம்கே குழு எலிப் புற்றணுக்களில் கண்டது. 1982இல் கென்னத் கோவன் குழு, மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பழகிய எம்.சி.எஃப்-7 என்னும் மனித மார்பகப் புற்றணுக்களிலும் அதைக் கண்டது. அடுத்து வந்த 1985 ஆய்வு இன்னும் முக்கியமானது: அவ்வணுக்களில் ஈஸ்ட்ரோஜன் இந்நொதியின் உருவாக்கத்தைக் கூட்டியது, டமாக்சிஃபென் குறைத்தது. அணுவை வளரத் தூண்டும் ஹார்மோன், வளர்ச்சிக்குத் தேவையான நொதியையும் சேர்த்தே கூட்டுகிறது என்பது இதனால் புலனாயிற்று.

மற்றொரு புதிர் எஞ்சியிருந்தது. மருந்து பெற்ற நோயாளிகளின் வெள்ளணுக்களில் நொதி குறையாமல் கூடுவதை ஜோசப் பெர்ட்டினோ 1960களின் தொடக்கத்திலேயே கவனித்திருந்தார். இந்நொதி தன்னைப் படைக்கும் தூது ஆர்.என்.ஏ.வுடனேயே ஒட்டித் தன் உற்பத்தியை அடக்குகிறது என்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. மெத்தோட்ரெக்சேட் வந்து பற்றியதும் அந்தப் பிடி நழுவுகிறது, உற்பத்தி தொடர்கிறது.