வாயிற்படியில் நிறுத்தப்பட்டோர்

நடனம் என்ற சொல்லைக் கேட்டவுடனே முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலருளர். கேளிக்கைக்கும் ஒரு சரித்திரமா என்று அன்னார் வினவக்கூடும். யான் ஒரு தோட்டக் கிராணி. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஏட்டில் குறிப்பது என் தொழில். ஏட்டிற் பெயர் இருந்தால் ஒருவன் ஆள். இல்லையெனில் கண்முன் நின்றாலும் அவன் ஆளல்லன். இத்தொழில் கற்பித்த பாடத்தால், எக்கூட்டத்தின் சரித்திரத்தைப் படிப்பினும் என் கண் முதலிற் செல்வது அதன் வாயிற்படிக்கே. உள்ளே ஆடியவர் யார் என்பதினும், வெளியே நிறுத்தப்பட்டவர் யார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் பெருமித விழா நடைபெறுகிறது. தன்பால் விழைவோரும், திருநங்கையரும், திருநம்பியரும், பால்புதுமையர் என்று இன்று ஒருசேர அழைக்கப்பெறும் ஏனையோரும் பகலில் ஊர்வலம் செல்வர். இரவில் டிஸ்கோ இசைக்கு ஆடுவர். "யாவரும் வருக" என்பதே அந்நடனங்கள் பலவற்றின் அழைப்பு. இவ்விரண்டு சொற்களுக்குக் கொடுக்கப்பட்ட விலை என்ன என்பதைச் சற்று ஆராய்வோம்.

1960ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில், தன்பால் விழைவோர் கூடுமிடம் ஒழுங்கற்ற இடம் என்றே அதிகாரிகளாற் கருதப்பட்டது. அன்னாருக்கு மது விற்ற கடைக்காரர் உரிமத்தை இழக்க நேரிடும். 1966 ஏப்ரல் 21ஆம் நாள் மட்டஷீன் சங்கத்தார் சிலர் ஜூலியஸ் என்னும் மதுக்கடைக்குச் சென்று, தாம் இன்னார் என்று வெளிப்படையாகக் கூறிப் பானம் கேட்டனர். பரிமாறுபவர் கண்ணாடிக் குவளையின்மேல் கையை வைத்து மூடினார். அக்கை மூடிய காட்சி புகைப்படமாக இன்றும் நிற்கிறது. ஒரு குவளை பானத்துக்கே இந்நிலையெனில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் இணைந்தாடுவதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

அங்ஙனம் ஆடுவதற்கு இடங்கொடுத்த மிகச் சிலவற்றுள் ஒன்று ஸ்டோன்வால் விடுதி. அதனை நடத்தியோர் சமூகத் தொண்டரல்லர், கொள்ளைக் கூட்டத்தாரே. மது உரிமம் கிடையாது. கதவிலுள்ள சிறு துளை வழியே காவலாள் ஆளைப் பார்த்தே உள்ளே விடுவான். போலீசார் வந்தால் நடன அறையில் வெள்ளை விளக்குகள் பளிச்சென்று எரியும்; ஆடியவர் உடனே கைவிட்டு விலகவேண்டும். 1969 ஜூன் 28 அதிகாலையில் போலீசார் புகுந்தபோது, வெளியேற்றப்பட்டோர் கலைந்து செல்ல மறுத்தனர். கலகம் பல இரவுகள் நீடித்தது. ஓராண்டு நிறைவன்று, 1970 ஜூன் 28இல், ஆயிரக்கணக்கானோர் மத்தியப் பூங்கா நோக்கி நடந்தனர். பெருமித ஊர்வலத்தின் பிறப்பு இதுவே.

ஊர்வலம் பிறந்த அதே ஆண்டில் அந்நகரில் மற்றொன்றும் பிறந்தது. டேவிட் மான்கூசோ என்பவர் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கிருந்த கன்னிகாஸ்திரீ ஒருவர் பலூன் கட்டி, இசைத்தட்டுச் சுழலவிட்டுக் குழந்தைகளுக்கு விருந்து வைப்பாராம். 1970 பிப்ரவரி 14ஆம் நாள் மான்கூசோ தம் வீட்டு மாடத்தில் அவ்வாறே பலூன் கட்டி நண்பரை அழைத்தார். "லாஃப்ட்" என்று பெயர் பெற்ற அவ்விடத்தில் மது விற்கப்படவில்லை. ஆகவே மது உரிமத்தைக் காட்டி மிரட்ட அதிகாரிகளுக்கு வழியில்லை. கறுப்பர், வெள்ளையர், லத்தீனர், ஆண், பெண், செல்வர், வறியர் எல்லோரும் ஒரே தளத்தில் ஆடினர். அழைப்பின்றிப் புகல் இல்லை என்பது மெய்யே. ஆயினும் அவ்வழைப்பு நிறத்தையும் பணத்தையும் பார்த்து அளிக்கப்பட்டதன்று.

டிஸ்கோ இசையின் இயல்பும் இதற்குத் துணை நின்றது. பழைய மேனாட்டு நடனத்தில் ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள். ஜோடியில்லாதவர் சுவரோரம் நிற்பர். டிஸ்கோவிலோ அடிக்கு அடி மத்தளம் முழங்க, ஒரு தட்டு முடியுமுன் மறு தட்டு சேர, இசை இடையறாது ஓடுகிறது. ஜோடி தேவையில்லை. தனியே வந்தவனும் கூட்டத்தோடு ஆடுகிறான். யார் யாருடன் ஆடுகிறார் என்ற போலீஸ் கேள்விக்கே அங்குப் பொருளில்லாமற் போயிற்று.

நிற்க. துன்பப்பட்டவர் பிறரைத் துன்புறுத்தார் என்பது நம் எண்ணம். சரித்திரம் அதனை ஒப்பவில்லை. விடுதலை பெற்ற கூட்டமும் தன் கதவில் காவல் வைத்தது. தன்பால் விழையும் ஆண்கள் கூடும் விடுதிகள் சிலவற்றில், கறுப்பரிடமும் பெண்களிடமும் மட்டும் இரண்டு மூன்று அடையாளச் சீட்டுகள் கேட்கப்பட்டன. ஆண்களே நிறைந்த நடனங்களில் நெருக்குண்ட பெண்கள், 1970ஆம் ஆண்டிலேயே தமக்கெனத் தனி நடனம் நடத்தவேண்டியதாயிற்று. 1973இல் பெருமித நாள் மேடையில் பேச வந்த சில்வியா ரிவேரா கூச்சலிட்டு இகழப்பட்டார். சிறையிலும் தெருவிலும் வாடிய தம் போன்றோரை மறந்தீர்களே என்று அவர் முறையிட்டதைக் கேட்கப் பலருக்குப் பொறுமையில்லை. கலகத்தில் உடன் நின்றோருக்கே மேடை மறுக்கப்பட்டது! என்னே மனிதர் மனம்!

வெளியுலகின் பகையும் ஓயவில்லை. 1979 ஜூலை 12ஆம் நாள் சிக்காகோ நகரின் காமிஸ்கி பார்க் விளையாட்டரங்கில், டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஒரு தட்டைக் கொணர்ந்தால் 98 காசுக்கு நுழைவுச் சீட்டு. அங்குப் பணிபுரிந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பு இளைஞர், வந்த தட்டுகளிற் பல டிஸ்கோவே அல்ல, கறுப்பர் பாடிய பிற பாடல்களே என்று பின்னர்ச் சாட்சி கூறினார். வெறுக்கப்பட்டது இசைதானா என்பதை அறிவுடையோர் உணர்வாராக.

அவர்கள் பழித்த நடனக்கூடம் யாது செய்தது? வாகனக் கொட்டகையாக இருந்து நடன அரங்கான "பேரடைஸ் காரேஜ்" என்னுமிடத்தில் லாரி லெவன் இசைத்தட்டுகளை இயக்கினார். இளமையில் அவர் லாஃப்டுக்குச் சென்று ஆடியவர். எய்ட்ஸ் என்னும் கொடுநோய் அந்நகரிற் பரவத் தொடங்கிய காலம். அரசாங்கம் வாளாவிருந்தது. 1982 ஏப்ரலில் அக்கூடத்திலேயே நோயாளர் நலனுக்காக நிதி திரட்டப்பட்டது. ஆடச் சென்றவர் கூட்டமே மருந்துக்கும் ஈமச்சடங்குக்கும் உறவினர் கூட்டமாயிற்று.

இவையெல்லாம் பழங்கதையென எண்ணிவிடலாகாது. 2016 ஜூன் 12ஆம் நாள், பெருமித மாதத்திலேயே, ஆர்லாண்டோ நகரின் பல்ஸ் நடனக்கூடத்தில் துப்பாக்கியேந்திய ஒருவன் 49 உயிர்களைப் பறித்தான். அன்று லத்தீனருக்கான நடன இரவு. கதவைத் திறந்து வைப்பது அன்பு மட்டுமன்று, துணிவுமாகும்.

நம் நாட்டுக்கு இதனால் என்ன என்பீரேல், கேண்மின். ஆண்கள் இருவர் உறவைக் குற்றமாக்கிய 377அ பிரிவை 1938இல் சிங்கைக்குக் கொணர்ந்தது காலனி ஆட்சியே. அதனை நீக்கும் மசோதாவைச் சிங்கைப் பாராளுமன்றம் 2022 நவம்பரில் நிறைவேற்றியது. மலேசியச் சட்டத்தில் அவ்வகைப் பிரிவுகள் இன்றும் உள.

அக்காலனி ஆட்சியிலேதான் துரைமார் கிளப்பும் இருந்தது. பானம் ஏந்தவும் மேசை துடைக்கவும் நம்மவர் உள்ளே விடப்பட்டனர். நாற்காலியில் அமர விடப்பட்டாரில்லை. அவ்விழிவைக் கிராணிமார் இன்னும் கதைகதையாகக் கூறுவோம். ஆயின், கிராணிமார் மன்றம் என்று நாமே ஒன்று கண்டபோது, பால்வெட்டும் தொழிலாளிக்கு அதில் எத்தனை நாற்காலிகள் போட்டோம்? அக்கேள்விக்கு என் ஏட்டில் விடையில்லை. "யாவரும் வருக" என்று எழுதுவது எளிது. எழுதியபின் வாயிற்படிக்குச் சென்று, அங்கே யார் நிற்கிறார் என்று பார்த்துவர வேண்டும்.